வாடகையைக் கேட்டு வீட்டை வாங்கு

(சித்தூரில் தமிழ் அன்பர்கள் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தலைப்பு சின்னது. வீடு வாங்கலாமா, வேண்டாமா? அழைப்பிதழில் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள். ஆனால் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டவர்கள் கேட்டது வேறு. “சார், திருப்பதியில் ரேட்டு இன்னும் ஏறுமா? அதை மட்டும் சொல்லிடுங்க, போதும்.”

அது எனக்குத் தெரிந்திருந்தால் இந்த மேடைக்கு வந்திருப்பேனா? அலிபிரி ரோட்டில் நாலு மாடி கட்டி வாடகை வசூலித்துக்கொண்டிருப்பேன். எனக்குத் தெரியாது. உங்களிடம் “ஏறும்” என்று அடித்துச் சொன்னாரே, அவருக்கும் தெரியாது. அப்படியென்றால், தெரியாத ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, வாழ்நாளிலேயே பெரிய செலவை எப்படி முடிவு செய்வது? நான் பேச வந்தது அதைத்தான்.

வங்கியில் வீட்டுக்கடன் மேசையில் நெடுங்காலம் உட்கார்ந்தவன் நான். கடன் கேட்டு வருகிறவரிடம், “இந்த வீட்டை ஏன் வாங்குகிறீர்கள்?” என்று கேட்பது என் வழக்கம். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். “இப்ப விட்டா அப்புறம் கிடைக்காது சார்.” குழந்தைக்குப் பள்ளிக்கூடம் எங்கே? அம்மா மூன்று மாடி ஏறுவார்களா? கோடையில் போர்வெல்லில் தண்ணீர் நிற்குமா? இதற்கெல்லாம் யோசித்துத்தான் பதில் சொல்வார்கள். விலை ஏறும் என்பதற்கு மட்டும் யோசனையே கிடையாது.

ஏறும் என்று யார் சொன்னது? அதை முதலில் பார்ப்போம்.

2015 அக்டோபர் 22, விஜயதசமி. பிரதமர் அன்று அமராவதியில் ஆந்திரத் தலைநகருக்கு அடிக்கல் நாட்டினார். அதே நாளில் ரேணிகுண்டாவில் திருப்பதி விமான நிலையத்தின் புதிய முனையத்தையும் திறந்துவைத்தார். ஒரே நாள், இரண்டு கல்வெட்டு. இரண்டு இடத்திலும் அன்றைக்குச் சொல்லப்பட்ட வாக்கு ஒன்றுதான்: இனி இங்கே நிலம் தங்கம்.

அமராவதிக்காக 29 கிராமங்களில் விவசாயிகள் 33,000 ஏக்கருக்கு மேல் கொடுத்தார்கள். துள்ளூர் பக்கம் மனை வாங்க ஹைதராபாத்திலிருந்து வந்தார்கள், அமெரிக்காவிலிருந்து பணம் அனுப்பினார்கள். நம் ஜில்லாவிலிருந்தும் போனார்கள். “நம்ம நாராவாரிபள்ளிக்காரர் முதலமைச்சர், தலைநகரம் கட்டாமல் விடுவாரா?” என்று கேட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் ஏமாளிகள் இல்லை. வரைபடம் இருந்தது, சட்டம் இருந்தது, சிங்கப்பூர் திட்டமிட்டுக் கொடுத்திருந்தது. கணிப்புக்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

2019இல் தேர்தல் வந்தது. ஆட்சி மாறியது. அந்த ஆண்டு டிசம்பர் 17ஆம் தேதி சட்டசபையில் மூன்று தலைநகரம் என்ற பேச்சு வந்தது. துள்ளூரில் அதுவரை போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்த தரகர்கள் போனை எடுப்பதை நிறுத்தினார்கள். 2022 மார்ச் 3ஆம் தேதி உயர் நீதிமன்றம் அமராவதியைத்தான் கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. 2024இல் மறுபடி ஆட்சி மாற்றம். 2025 மே 2ஆம் தேதி அதே பிரதமர் அதே அமராவதிக்கு வந்து வேலைகளை மறுபடி தொடங்கிவைத்தார்.

இப்போது சொல்லுங்கள். 2015இல் கணித்தவர் சொன்னது சரியா, தப்பா? கடைசியில் சரி என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் நடுவில் பத்து வருடம் போயிற்று. கைப்பணத்தில் வாங்கியவர் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். கடன் வாங்கி மனை வாங்கியவர்? அவருக்கு மாதம் பிறந்தால் தவணை. வங்கிக்கு மூன்று தலைநகரமும் தெரியாது, முப்பது தலைநகரமும் தெரியாது. விற்றுவிடலாம் என்று பார்த்தால் வாங்க ஆள் இல்லை. கணிப்பு பலித்த நாளில் அந்த மனை அவரிடம் இருந்ததா? கணிப்பு சரியாக இருப்பது வேறு, அது பலிக்கும்வரை நம்மால் தாக்குப்பிடிக்க முடிவது வேறு. இந்த இரண்டாவது கேள்வியை எந்தத் தரகரும் கேட்பதில்லை.

இது நம் நாட்டு அரசியலின் கோளாறு என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 2005இல் வீட்டு விலை எகிறிக்கொண்டிருந்தபோது, பின்னால் அந்நாட்டு மத்திய வங்கிக்கே தலைவரான பென் பெர்னான்கி தொலைக்காட்சியில் வந்து, நாடு முழுவதும் வீட்டு விலை ஒருசேர இறங்கியதே இல்லை என்றார். அடுத்த ஆண்டே இறங்க ஆரம்பித்தது. 2012 வாக்கில் நாடு தழுவிய விலை உச்சத்திலிருந்து கால் பங்குக்கு மேல் சரிந்திருந்தது. ஜப்பானில் 1991இல் உச்சம் தொட்ட நிலவிலை அதன்பின் ஒரு தலைமுறைக் காலம் எழுந்திருக்கவில்லை. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ராபர்ட் ஷில்லர் அமெரிக்காவின் நூறாண்டு வீட்டு விலைகளை எடுத்து, பண வீக்கத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தார். 1890 முதல் 1990 வரை உண்மை விலை பெரிதாக ஏறவே இல்லை. எல்லோர் வீட்டிலும் தாத்தா வாங்கிய விலையைச் சொல்லிச் சொல்லி வியக்கிறோமே, அந்த வியப்பில் பெரும்பகுதி ரூபாயின் மதிப்பு இறங்கிய வியப்புதான்.

நம் ஊர்க் கதைக்கும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். “பத்து வருஷத்தில் டபுள் ஆயிடுச்சு சார்” என்பார்கள். கேட்கும்போதே உடம்பு சிலிர்க்கிறது. பத்து வருடத்தில் இரட்டிப்பு என்றால் ஆண்டுக்கு 7.2 சதவீதம். தபால் ஆபீசிலோ வங்கியிலோ 7 சதவீதத்துக்குப் போட்ட டெபாசிட் பத்து வருடத்தில் என்ன ஆகும்? அதுவும் கிட்டத்தட்ட இரட்டிப்புதான். அதைச் சொல்லிக் கல்யாண வீட்டில் யாரும் பெருமையடித்துக்கொள்வதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, பத்திரிகையில் அட்டவணை போட்டு வருகிறதே, அது என்ன? ரிசர்வ் வங்கி பல ஆண்டுகளாக வெளியிட்டு வந்த வீட்டு விலைக் குறியீட்டில் பத்து நகரங்கள். சென்னை உண்டு, பெங்களூரு உண்டு, கொச்சி உண்டு, கான்பூர்கூட உண்டு. ஆந்திரப் பிரதேசத்தின் ஒரு ஊரும் அந்தப் பத்தில் இல்லை. சித்தூர் இல்லை, திருப்பதி இல்லை. அப்படியென்றால் உங்களிடம் மனைப்பிரிவு போட்டு விற்கும் வெஞ்சர்க்காரர் நீட்டும் வழவழப்பான தாளில் இருக்கும் ஏறுமுகக் கோடு எந்த ஊருடையது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதைச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பீர்கள், சொல்லாமலும் முடியாது. நம் பக்கம் பத்திரத்தில் எழுதும் விலை ஒன்று, கையில் கொடுக்கும் விலை ஒன்று. இந்த அரங்கில் உட்கார்ந்திருப்பவர்களில் முழு விலையையும் பத்திரத்தில் எழுதியவர்கள் கை தூக்குங்கள் என்று கேட்டால் எத்தனை கை எழும்? பதிவு அலுவலகத்துப் புத்தகத்திலேயே பாதி விலைதான் இருக்கிறது என்றால், அதை வைத்துப் போடும் கணிப்பு எப்படி முழு உண்மையாக இருக்கும்?

ஆகவே கணிப்பை ஓரமாக வையுங்கள். நம் இரண்டு ஊரையும் கண்ணால் பார்ப்போம்.

சித்தூரும் திருப்பதியும் எழுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. வீட்டுச் சந்தை என்று பார்த்தால் அவை வேறு வேறு நாடுகள். 1911இல் ஜில்லா உண்டானதிலிருந்து சித்தூர் தலைமையிடம். 2022 ஏப்ரல் 4ஆம் தேதி திருப்பதி தனி ஜில்லா ஆயிற்று. திருச்சானூர் பத்மாவதி நிலையத்தில் கலெக்டர் ஆபீஸ் திறந்தார்கள். சித்தூரில் வீடு வாங்குகிறவர் யார்? சர்க்கார் சம்பளக்காரர், வெல்ல மண்டி வியாபாரி, மாந்தோப்புக்காரர், வேலூருக்குத் தினம் போய்வரும் ஆள். இங்கே சம்பாதித்து இங்கே வாங்குகிறவர்கள். 2025 சீசனில் தோதாபுரி மாங்காயைக் கூழ் பேக்டரிகள் வாங்க மறுத்து டிராக்டர்கள் வரிசைகட்டி நின்றதே, கிலோவுக்கு 12 ரூபாய் என்று நிர்ணயித்து அதில் 4 ரூபாயை அரசாங்கமே கொடுக்க வேண்டி வந்ததே, அந்த வருடம் மாந்தோப்புக்காரர் மனை வாங்குவாரா? ஆகவே சித்தூர் விலை இங்கத்திய வருமானத்தோடு சேர்ந்தே நடக்கும். ரொம்ப ஓடாது, ரொம்ப விழாது. பெங்களூரு - சென்னை விரைவுச் சாலை இந்த ஜில்லா வழியாகப் போகிறது என்று காட்டி விலை சொல்கிறார்கள். அந்தச் சாலையில் வண்டி எங்கே ஏறலாம், எங்கே இறங்கலாம் என்று கேளுங்கள். நுழைவாயில் இல்லாத இடத்தில் விரைவுச் சாலை என்பது வீட்டு வாசலில் சத்தம் மட்டும்தான்.

திருப்பதி அப்படி இல்லை. வடக்கே சேஷாசல மலை. அந்தப் பக்கம் ஊர் ஒரு அடி நகர முடியாது. நடுவில் தேவஸ்தான இடங்கள், பல்கலைக்கழக இடங்கள், ஆஸ்பத்திரிகள். ஊர் வளர வேண்டுமானால் கிழக்கே ரேணிகுண்டா, மேற்கே சந்திரகிரி, தெற்கே திருச்சானூர். இடம் குறைவு. கேட்பவர்களோ உள்ளூர்க்காரர்கள் மட்டும் இல்லை. சென்னையில் இருப்பவர், பெங்களூரில் இருப்பவர், டல்லாஸில் இருப்பவர் எல்லோருக்கும் பெருமாள் காலடியில் ஒரு பிளாட் வேண்டும். ரிட்டயரானால் வந்து இருக்கலாம், பிரம்மோற்சவத்துக்குக் குடும்பத்தோடு வந்து தங்கலாம். நல்ல எண்ணம்தான். அதன் விளைவைப் பாருங்கள். விலையைத் தீர்மானிப்பது பக்தர் பணம். வாடகையைத் தீர்மானிப்பது யார்? ரூயா ஆஸ்பத்திரி நர்ஸ், தேவஸ்தான குமாஸ்தா, கரகம்பாடி பேக்டரிக்குப் போகும் பையன். இவர்கள் சம்பளத்துக்கு மேல் வாடகை ஏறவே முடியாது. ஆகவே விலை ஒரு பக்கம் போகிறது, வாடகை ஒரு பக்கம் நிற்கிறது.

என் பேச்சில் நான் முக்கியம் என்று நினைப்பது இதுதான். விலை என்பது எதிர்காலத்தைப் பற்றி நாலு பேர் வைத்திருக்கும் எண்ணம். வாடகை என்பது இன்றைக்கு ஒருவர் தன் சம்பளத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் பணம். எண்ணம் பொய்க்கலாம். கொடுத்த பணம் பொய்க்காது. திருப்பதியில் ஒரு அபார்ட்மெண்டைப் பார்க்கப் போகிறீர்களா? காலை பத்து மணிக்குத் தரகரோடு காரில் போகாதீர்கள். இரவு எட்டு மணிக்குத் தனியாகப் போய் ரோட்டில் நில்லுங்கள். எத்தனை ஜன்னலில் விளக்கு எரிகிறது என்று எண்ணுங்கள். முப்பது பிளாட்டில் பத்தில்தான் விளக்கு எரிகிறது என்றால், அது எந்தக் கணிப்பாளரும் தராத தகவல்.

இப்போது கொஞ்சம் கணக்கு. பயப்படாதீர்கள், கூட்டல் கழித்தல்தான்.

60 லட்ச ரூபாய் பிளாட் என்று வைத்துக்கொள்வோம். அதே கட்டடத்தில் அதே மாதிரி பிளாட்டுக்கு வாடகை 14,000. வருடத்துக்கு 1,68,000. விலையில் அது 2.8 சதவீதம். வங்கி 80 சதவீதம் தரும், அதாவது 48 லட்சம். மீதி 12 லட்சம் கையிலிருந்து. முத்திரை, டிரான்ஸ்பர் டியூட்டி, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்ந்து ஆந்திராவில் ஏழரை சதவீதம், நாலரை லட்சம். ஆக உங்கள் கைப்பணம் பதினாறரை லட்சம் போகிறது. கட்டிக்கொண்டிருக்கும் கட்டடம் என்றால் ஜி.எஸ்.டி. தனி. பதிவுச் செலவுக்கு வங்கி தராது என்பது பலருக்குக் கடைசி வாரத்தில்தான் தெரியும். அந்த வாரத்தில்தான் மனைவியின் நகை அடகுக்குப் போகும்.

48 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருடம். மாதத் தவணை 41,655 ரூபாய். முதல் மாதத் தவணையைப் பிரித்துப் பாருங்கள். அதில் வட்டி மட்டும் 34,000. அசலில் கழிவது 7,655. “வாடகை கொடுக்கிறது தண்டம், அதே பணத்தைத் தவணையாகக் கட்டினால் வீடு நமதாகும்” என்று சொல்வார்கள். அதே பணமா? வாடகை 14,000. வட்டி 34,000. எது பெரிய தண்டம்? 20 வருடத்தில் கட்டி முடிக்கும்போது மொத்தம் ஏறத்தாழ ஒரு கோடி.

மேலே போவோம். முதல் வருட வட்டி சுமார் 4,04,000. போட்ட பதினாறரை லட்சத்தை 7 சதவீத டெபாசிட்டில் வைத்திருந்தால் 1,15,000 வந்திருக்கும், அது போயிற்று. மெயின்டனன்ஸ், வீட்டு வரி என்று 36,000 போடுங்கள். மொத்தம் 5,55,000. வாடகை மிச்சமாகிறதே, 1,68,000, அதைக் கழியுங்கள். 3,87,000. அறுபது லட்சத்தில் இது கிட்டத்தட்ட ஆறரை சதவீதம். அதாவது, பதிவுச் செலவை விட்டுவிட்டுப் பார்த்தால், அந்த வருடம் வீட்டு விலை ஆறரை சதவீதம் ஏறினால் உங்களுக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஏறாமல் நின்றாலே நஷ்டம். இறங்கத் தேவையில்லை.

இதுதான் நான் சொல்ல வருவது. “நான் கணிப்பையெல்லாம் நம்பவில்லை சார், குடியிருக்கத்தான் வாங்குகிறேன்” என்பவரும், இந்தக் கணக்கில் வீடு வாங்கினால், ஆறரை சதவீதம் ஏறும் என்று கையெழுத்துப் போட்டுக் கணித்தவர்தான். அவருக்கே தெரியாமல் கணித்துவிட்டார். இதே பிளாட்டுக்கு வாடகை 25,000 என்றால் கதை மாறும், தேவைப்படும் ஏற்றம் நாலே கால் சதவீதத்துக்கு வந்துவிடும். அப்போது தாராளமாக யோசிக்கலாம். அதனால்தான் சொல்கிறேன், விலையைக் கேட்பதற்கு முன்னால் வாடகையைக் கேளுங்கள்.

வட்டியும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. 2020 மே மாதம் ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி 4 சதவீதம். 2022 மே மாதத்திலிருந்து ஏற ஆரம்பித்து 2023 பிப்ரவரியில் 6.5 ஆயிற்று. பத்தே மாதத்தில் இரண்டரை சதவீதம். 2021இல் ஆறரை சதவீதத்துக்கு 48 லட்சம் கடன் வாங்கியவர் மாதம் 35,787 கட்டிக்கொண்டிருந்தார். வட்டி 9 ஆனதும் மிச்சமிருந்த கடனுக்கு மாத வட்டியே கிட்டத்தட்ட அந்தத் தவணை அளவுக்கு வந்துவிட்டது. தவணை ஏறத்தாழ முழுவதும் வட்டிக்கே போயிற்று! கடன் கரையாமல் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நின்றது. வங்கி தவணையை உயர்த்தியது, அல்லது வருடங்களைக் கூட்டியது. அறுபது வயதில் முடிய வேண்டிய கடன் எழுபதுக்கு ஓடிய குடும்பங்கள் உண்டு. 2025இல் ரெப்போ வட்டி இறங்கி, ஜூனில் 5.5க்கு வந்தது. உங்கள் தவணையில் அது இறங்கியிருக்கிறதா என்று வங்கியில் போய்க் கேளுங்கள். கேட்டால்தான் சொல்வார்கள், நான் அங்கே இருந்தவன். மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைத்தால் தனிநபரிடம் அபராதம் வாங்கக் கூடாது, அதையும் நினைவில் வையுங்கள்.

கணக்கு முடிந்தது. இனிக் காகிதம்.

திருப்பதியைச் சுற்றிலும் தேவஸ்தான நிலம் உண்டு. ஹாதிராம்ஜி மடத்து நிலம் உண்டு. ஏரி, குளம், வாய்க்கால் புறம்போக்கு உண்டு. ஏழைகளுக்கு அரசாங்கம் கொடுத்த டி.கே.டி. பட்டா நிலம் ஏராளமாக உண்டு. இந்த டி.கே.டி. நிலத்தின் கதையைக் கேளுங்கள். 1977ஆம் வருடச் சட்டம் அதை விற்கக் கூடாது, வாங்கக் கூடாது என்றது. 2023இல், கொடுத்து 20 வருடம் ஆன நிலத்துக்குச் சட்டத்தைத் தளர்த்தினார்கள். உடனே தரகர்கள் கிளம்பினார்கள், வாங்கிப் போடுங்கள், கோடி என்றார்கள். 2024இல் ஆட்சி மாறியது, அந்த நிலங்களின் பதிவை நிறுத்திவைத்து விசாரணை என்றார்கள். விலைக் கணிப்பில் இதற்கு ஒரு கட்டம் உண்டா?

பதிவுச் சட்டத்தில் 22ஏ என்று ஒரு பிரிவு. பதிவு செய்யக் கூடாத நிலங்களின் பட்டியல் அதில் வரும். சர்வே நம்பரைக் கொடுத்தால் சப்-ரிஜிஸ்டிரார் ஆபீசில் தெரிந்துவிடும். அடங்கல், ஒன்-பி என்ற நில ஆவணங்கள், ஈ.சி. என்ற வில்லங்கச் சான்று எல்லாம் மீசேவாவில் கிடைக்கும். சில நூறு ரூபாய்ச் செலவு. அறுபது லட்சத்துக்கு வீடு வாங்குகிறவர் இந்தச் சில நூறைச் செலவழிக்க ஏன் தயங்குகிறார் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. சினிமாவுக்குக் குடும்பத்தோடு போனால் அதைவிட ஆகிறது.

வெஞ்சர்க்காரர் “துடா அப்ரூவல்” என்பார், திருப்பதி நகர வளர்ச்சிக் குழுமத்தின் அனுமதியாம். நம்பரைக் கேளுங்கள். “ரெரா வரும்” என்பார். வரட்டும், வந்தபின் வாங்குவோம் என்று சொல்லுங்கள். ரெரா என்ற 2016ஆம் வருடத்து ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவு செய்ய வேண்டிய திட்டத்தைப் பதிவு செய்யும்முன் விளம்பரமே செய்யக் கூடாது. ஆகவே “ப்ரீ-லாஞ்ச் ஆபர்” என்று கலர் கலராக வாட்ஸ்அப்பில் வருகிறதே, அது சலுகை இல்லை, சட்ட மீறல். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் பத்து சதவீதத்துக்கு மேல் அட்வான்ஸ் வாங்கவும் கூடாது. அளவையும் பாருங்கள். ஒருவர் சென்ட் என்பார், ஒருவர் கஜம் என்பார், ஒருவர் அங்கணம் என்பார். அங்கணத்தின் அளவு ஊருக்கு ஊர் மாறும். எல்லாவற்றையும் சதுர அடியில் எழுதி வாங்குங்கள்.

தண்ணீரை மறக்காதீர்கள். 2021 நவம்பர் மழையை யாராவது மறக்க முடியுமா? திருச்சானூர் பக்கம் சுவர்ணமுகிக் கரையில் ஒரு வீடு அப்படியே ஆற்றுக்குள் சரிந்ததை டி.வி.யில் பார்த்தோம். ராயலசெருவு ஏரிக்கரையில் கசிவு கண்டதும் கீழே இருந்த கிராமங்களைக் காலி செய்யச் சொன்னார்கள். திருப்பதித் தெருக்களில் கார்கள் மிதந்தன. நீவா நதிக்கரையில் இருக்கும் சித்தூர்க்காரர்களுக்கு நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆறு எப்போதோ போன வழியை மறப்பதில்லை, லே-அவுட் போட்டவர்தான் மறந்துவிடுகிறார். நீங்கள் பார்க்கும் இடத்தில் 2021இல் தண்ணீர் எதுவரை நின்றது? பக்கத்தில் டீக்கடை வைத்திருப்பவரைக் கேளுங்கள். முழங்காலா, இடுப்பா என்று கையால் காட்டுவார்.

இவ்வளவும் கேட்டுவிட்டு, “அப்படியானால் வீடே வாங்க வேண்டாம் என்கிறீர்களா?” என்று ஒரு அம்மா மனசுக்குள் கேட்பது எனக்குத் தெரிகிறது. அப்படிச் சொல்லவில்லை, அம்மா. வாடகை வீட்டின் கஷ்டம் எந்தக் கணக்கிலும் வராது. பதினோரு மாதம் முடிந்ததும் வீட்டுக்காரர் பையனுக்குக் கல்யாணம் என்பார். பெட்டியைத் தூக்க வேண்டும். திருப்பதியில் “வெஜிடேரியன்ஸ் ஒன்லி” என்று கேட்டிலேயே போர்டு தொங்கும். சில இடத்தில் போர்டு இருக்காது, பெயரைக் கேட்பார்கள், ஊரைக் கேட்பார்கள், சுற்றி வளைத்துச் சாதியைக் கேட்பார்கள், பிறகு “வீடு கொடுத்துட்டோம்” என்பார்கள். சுவரில் ஆணி அடிக்க அனுமதி கேட்டு வாழ்கிற வாழ்க்கை அது. சொந்த வீடு என்ற ஆசை இதிலிருந்து பிறக்கிறது என்றால் அது நியாயமான ஆசை. அதற்கு ஒரு விலை கொடுக்கலாம். எவ்வளவு விலை என்று தெரிந்து கொடுங்கள், அவ்வளவுதான் நான் கேட்பது. மாதம் இருபதாயிரம் கூடுதலாகப் போனாலும் பரவாயில்லை, யாரும் என்னை எழுப்பிவிட முடியாத வீடு வேண்டும் என்று கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்தால், அங்கே விலைக் கணிப்புக்கு வேலையே இல்லை. பத்திரத்தை இருவர் பெயரிலும் எழுதுங்கள், மகிழ்ச்சியாகப் பால் காய்ச்சுங்கள்.

என் கருத்தைக் கேட்டால் வெளிப்படையாகச் சொல்கிறேன். பத்து வருடம் அந்த ஊரில் இருப்போம் என்று தெரிந்தவர் வாங்கலாம். தவணை கைக்கு வரும் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாதவர் வாங்கலாம். வேலை போனாலும் ஆறு மாதம் தவணை கட்டப் பணம் தனியாக வைத்திருப்பவர் வாங்கலாம். முப்பது வயதுக்குள் இருக்கும் தம்பிகளே, உங்கள் வேலை இன்று ஸ்ரீசிட்டியில் இருக்கிறது, நாளை ஓசூரில் இருக்கலாம். ஒரு வீடு உங்களை ஒரு ஊரில் கட்டிப்போடும். “சொந்த வீடு இருக்கிறதா?” என்று பெண் வீட்டார் கேட்கிறார்கள் என்பதற்காக நாற்பது லட்சம் கடன் வாங்கும் பையன்களைப் பார்த்திருக்கிறேன். பெண்ணைப் பெற்றவர்களே, அந்தக் கேள்வியோடு “கடன் எவ்வளவு?” என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்டால் உங்கள் மகளுக்கு நல்லது.

இரண்டாவது வீடு, மூன்றாவது மனை, ‘இன்வெஸ்ட்மெண்ட்’ என்று வாங்குகிறவர்களுக்கு எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அவர்கள் சூதாடுகிறார்கள், தங்கள் பணத்தில் ஆடட்டும். நிலம் தருகிறோம், இல்லாவிட்டால் வட்டியோடு பணம் தருகிறோம் என்று சொன்ன அக்ரி கோல்டில் இதே ஆந்திராவில் லட்சக்கணக்கான குடும்பங்கள் போட்ட பணத்துக்கு எத்தனை வருடம் நீதிமன்ற வாசலில் நின்றார்கள் என்பதை மட்டும் அவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்தக் கூட்டம் முடிந்து வெளியே போனதும் உங்கள் போனில் ஒரு செய்தி இருக்கும். ஞாயிற்றுக்கிழமைக்குள் டோக்கன் கொடுத்தால் கஜத்துக்கு ஐநூறு குறைவு, திங்கட்கிழமை ரேட் மாறும் என்று. டோக்கன் கொடுக்காதீர்கள். ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள். அந்த ஒரு மாதத்தில் ஈ.சி. எடுங்கள், 22ஏ பாருங்கள், பக்கத்துப் பிளாட்டு வாடகையைக் கேளுங்கள். ஒரு மாதத்துக்குள் கைவிட்டுப் போகிற வீடு போகட்டும். சித்தூரிலும் திருப்பதியிலும் விற்பதற்கு வீடு இல்லாத மாதம் எதையும் நான் பார்த்ததில்லை.